சாம்பிள் பெயர்: அம்மா-1

1

அம்மாவின் முதல் வருஷத் திதி போன புதன்கிழமை வந்தது. ஆபீஸில் லீவு கேட்கப் போனால் கம்ப்யூட்டர் காரணம் கேட்கிறது. துக்க விடுப்பு என்று ஒன்று பட்டியலில் இருக்கிறது. ஆனால் சாவு நடந்து சில நாட்களுக்குள் எடுத்தால்தான் செல்லுமாம். ஒரு வருஷம் கழித்து வருகிற துக்கத்துக்கு இந்த நாட்டில் கட்டம் போட்டு வைக்கவில்லை. கடைசியில் 'உடல்நலக் குறைவு' என்பதை அழுத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன்.

அம்மா போனபோதும் நான் ஊருக்குப் போகவில்லை. விசா முத்திரைக்குத் தேதி கிடைக்காமல் கிளம்பினால் திரும்பி வர எத்தனை மாதமாகுமோ என்று வக்கீல் பயமுறுத்தினார். நானும் பயந்தேன். குரோம்பேட்டையில் அம்மாவை எடுத்துப் போனதைத் தங்கை வித்யாவின் கணவர் முரளி போனில் காட்டினார். நடுவில் இரண்டு முறை சிக்னல் போனது. திரும்பி வந்தபோது எல்லாரும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

இந்தத் திதிக்கு வித்யா வீட்டில் இலை போட்டிருப்பாள். அம்மாவுக்குப் பிடித்த சேனைக்கிழங்கு வறுவல் செய்திருப்பாள். எனக்கு ஒரு போட்டோகூட வரவில்லை. ஏனென்றால் அதுவரை இரண்டு மாதமாக அவள் என்னோடு பேசவில்லை. காரணம் ஒரு ஈயச் சொம்பு. சிரிக்காதீர்கள். முழுதாகச் சொல்கிறேன்.

2

நான் இங்கே மினசோட்டாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். என்ன வேலை என்று ஊரில் யாராவது கேட்டால் சொல்லி மாளாது. கல், பல், எலும்பு, இரும்பு, உரிந்து விழுந்த பெயின்ட், எதைக் கொடுத்தாலும் அதில் எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அமிலத்தில் கரைக்கிற சோலி கிடையாது. பொருளை அப்படியே ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் வைத்து, தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமனான லேசர் கதிரால் ஒரு புள்ளி குடைவோம். கிளம்புகிற தூசியை வாயு தள்ளிக்கொண்டு போய்ப் பயங்கரச் சூட்டில் போடும். அங்கே அது அணு அணுவாகச் சிதறும். அந்த அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணுவதுதான் மெஷினின் வேலை. பிறந்து வளர்ந்த குரோம்பேட்டையின் பெயரிலேயே குரோமியம் என்று ஒரு தனிமம் இருக்கிறது, பிழைப்பும் அதிலேயே அமைந்துவிட்டது பார் என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அம்மா தாம்பரத்தில் கணக்கு டீச்சர். ரிட்டயர் ஆனபிறகு அவளுக்கு இருந்த ஒரே கவலை, என் பெண்கள் ரசம் சாப்பிடுகிறார்களா என்பது. கடைசியாக நான் போயிருந்தபோது ஜி.எஸ்.டி ரோட்டில் ஒரு பாத்திரக்கடைக்குக் கூட்டிப் போய், ஒரே மாதிரி இரண்டு ஈயச் சொம்பு வாங்கினாள். ஒன்று எனக்கு, ஒன்று வித்யாவுக்கு. ஈயச் சொம்பு என்று பெயரே தவிர அது வெள்ளீயம், உடம்புக்குக் கெடுதல் இல்லாதது, ரசத்துக்கு அப்படி ஒரு மணம் கொடுக்கும். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அம்மாவே நாற்பது வருஷம் அப்படி ஒரு சொம்பில்தான் எங்களுக்கு ரசம் வைத்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இல்லை.

"காலியா அடுப்புல வெச்சுடாதடா, உருகிடும். முதல்ல புளித்தண்ணி ஊத்து, அப்புறம் அடுப்பைப் பத்த வை" என்று ஏர்போர்ட்டுக்கு வண்டி ஏறும்வரை சொன்னாள்.

என் மூத்தவள் ஆதிரைக்கு ஒன்பது வயது. அவளுக்குத் தமிழ் புரியும், பேச வராது, இல்லை, பேச மாட்டாள். ரசத்தை முகர்ந்துவிட்டு "ஸ்பைசி வாட்டர்" என்று தள்ளிவிடுவாள். இரவுச் சாப்பாடு என்றால் அவளுக்கு பாஸ்தா. ஒருநாள் நான் கோபத்தில் கத்தியதற்கு, "யூ ஆர் சோ இந்தியன், அப்பா" என்றாள். பெரியவள் கையை விட்டுப் போய்விட்டாள், சின்னவளையாவது பிடித்து வைத்துக்கொள்வோம் என்று அன்றைக்கு முடிவு கட்டினேன். சின்னவள் மகிழினி அப்போதுதான் சோறு சாப்பிட ஆரம்பித்திருந்தாள். தினமும் சாயங்காலம் நானே ரசம் வைத்து, குழையப் பிசைந்து, ஊட்டினேன். அவள் "லசம், லசம்" என்று சப்புக்கொட்டுவாள். வீடியோவில் அதைப் பார்த்து அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வரும். அவள் போன பிறகு அந்த ரசம் எனக்கு ஒரு விரதம் மாதிரியே ஆகிவிட்டது. ஒருநாள்கூடத் தவறவில்லை.

3

இரண்டு வயதில் இங்கே எல்லாக் குழந்தைக்கும் விரலில் குத்தி ரத்தத்தில் காரீயம் என்கிற விஷ உலோகம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மகிழினிக்கு ஒரு வயதில் பார்த்தபோது சுத்தமாக இருந்தது. இரண்டு வயதில் பார்த்தபோது டாக்டர் முகம் மாறியது. நரம்பில் எடுத்துத் திரும்பப் பார்த்தார்கள். அதிலும் அதிகம்தான். ஒரே வாரத்தில் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண்மணி, கையில் துப்பாக்கி மாதிரி ஓர் எக்ஸ்ரே கருவியோடு வீட்டுக்கு வந்துவிட்டார். சுவர், ஜன்னல் கட்டை, கதவு நிலை, பொம்மை, எல்லாவற்றிலும் வைத்து வைத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. பிறகு ஒரு தாளை எடுத்தார். மஞ்சள் தூள், குங்குமம், கண்மை, ஊர் மருந்து, ஊர் பாத்திரம் என்று அச்சடித்து வைத்திருக்கிறார்கள்.

எனக்குச் சுரீர் என்றது. நம் சமையலறையையே குற்றவாளிப் பட்டியலாக்கி வைத்திருக்கிறார்களே என்று ஆத்திரம். நான் யார் தெரியுமா, இதே காரீயத்தை அணுவில் எண்ணுகிறவன் என்று இங்கிலீஷில் படபடவென்று பொரிந்தேன். கோபம் வந்தால் எனக்கு இங்கிலீஷ் குரோம்பேட்டைக்குப் போய்விடும். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, குங்குமச் சிமிழையும் மஞ்சள் டப்பாவையும் பார்த்தார். அதிலும் ஒன்றுமில்லை.

"ஊரிலிருந்து கொண்டுவந்த உலோகப் பாத்திரம் ஏதாவது?"

எல்லாம் எவர்சில்வர் என்றேன். சொம்பு அன்று காலையில்தான் பூஜை அலமாரிக்குள், ஒரு துண்டுக்குப் பின்னால் போயிருந்தது. வைத்தவன் நான்தான். அந்த அம்மாள் எடுத்துப் போய்விட்டால் என்ன செய்வது? அம்மா கையால் வாங்கிக் கொடுத்தது அது ஒன்றுதான் என்னிடம் மிச்சம். அதோடு அது வெள்ளீயம், எனக்குத் தெரியாததா! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அவர் போனதும் எடுத்து, கழுவி, அதிலேயே ரசம் வைத்தேன்.

அடுத்த மாதம் மகிழினியின் ரத்தத்தில் காரீயம் குறையவில்லை. ஏறியிருந்தது. ஆதிரைக்கும் எடுத்தார்கள். அவள் ரத்தத்தில் சொல்லும்படி எதுவும் இல்லை.

டாக்டரிடமிருந்து வரும் வழியில் என் மனைவி அனிதா வண்டியை ஓரம் கட்டச் சொன்னாள்.

"ரெண்டு பேரும் ஒரே வீட்லதான் இருக்காங்க. ஒரே தண்ணிதான் குடிக்கிறாங்க. பெரியவ சாப்பிடாம சின்னவ மட்டும் சாப்பிடுறது என்ன?"

நான் இன்ஜினை அணைத்தேன்.

"அந்த லேடி வீடு முழுக்கப் பார்த்தாங்க. நீ ஒண்ணை மட்டும் ஒளிச்சு வெச்ச. உங்க அம்மா மேல எனக்கும் பாசம்தான். ஆனா நாளைக்கு அதை நீ லேபுக்கு எடுத்துட்டுப் போகலைன்னா நான் குழந்தைங்களைத் தூக்கிட்டு எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்."

4

எங்கள் ஆய்வுக்கூடத்தில் சொந்தப் பொருளை மெஷினில் வைக்கக்கூடாது. மேலதிகாரியிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒரு படிவம், ஒரு கையெழுத்து, பிறகு செய் என்றார். நம் ஊர்ப் படிவங்களைத் திட்டியே வளர்ந்தவன் நான். அன்றைக்கு அந்த ஒரு தாளுக்காக அவர் காலில் விழுந்திருப்பேன்.

மெஷினின் அறை தீப்பெட்டி அளவுதான். சொம்பு முழுதாக உள்ளே போகாது. வாய்ப்பக்கத்திலிருந்து நகத்தளவு ஒரு துண்டு வெட்டினேன். இரும்பு வெட்டுகிற கத்தரி அதில் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. அம்மா அந்தச் சொம்பைக் கடையில் தட்டித் தட்டிக் காதில் வைத்துக் கேட்டு வாங்கியது ஞாபகம் வந்தது. கம்ப்யூட்டர் சாம்பிள் பெயர் கேட்டது. என்ன எழுதுவதென்று தோன்றாமல் 'அம்மா-1' என்று அடித்தேன்.

முதல் புள்ளியில் லேசர் விழுந்தது. வெள்ளீய அணுக்கள் பத்து விதமான எடையில் உண்டு, அதெல்லாம் வரிசையாக வந்து நின்றது. அடுத்தது காரீயத்தின் இடம். திரையில் கோடு மேலே கிளம்பியது, நிற்கவே இல்லை. அணுக்கள் அளவுக்கு மேல் வந்து விழுந்தால் எண்ணுகிற பகுதி எரிந்துபோகாமலிருக்கத் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். நிறுத்திக்கொண்டது.

மேலே ஒட்டிய அழுக்காக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். எங்கள் தொழிலில் அது சகஜம். மேல்பரப்பை லேசரால் சுரண்டிவிட்டு, கதிரின் பலத்தைக் குறைத்து, அதே குழியில் இன்னும் ஆழமாகக் குடைவோம். மேலே மட்டும் இருக்கிற அழுக்கு என்றால் கீழே போகப் போகக் குறையும். சுரண்டினேன், குடைந்தேன். அதே அளவுதான். இன்னும் கீழே போனேன். அதே அளவு. பக்கத்தில் வேறு மூன்று இடத்தில் குடைந்தேன். எங்கே தொட்டாலும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் காரீயம். எவனோ ஒருவன், விலை மலிவு என்று உருக்கும்போதே கலந்திருக்கிறான். அதில் நான் தினமும் புளியை ஊற்றி அரைமணி நேரம் கொதிக்க வைத்திருக்கிறேன். புளி அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கொடுக்க, நான் பிசைந்து என் குழந்தைக்கு ஊட்டியிருக்கிறேன்.

ஆய்வுக்கூடத்துக் கழிப்பறையில் உட்கார்ந்து அழுதேன். என் மண்ணை மறந்து, பாஸ்தா தின்று, என்னைக் கிண்டல் செய்த பெண் தப்பித்துவிட்டாள். நான் ஆசை ஆசையாகத் தமிழ்ப் பெண்ணாக வளர்த்தவள் மாட்டிக்கொண்டாள். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

மகிழினிக்குக் காரீயம் மெல்லத்தான் இறங்கும் என்றார் டாக்டர். மூளையில் ஏதாவது பாதிப்பு இருந்தால் பள்ளிக்கூடம் போகிற வயதில்தான் தெரியுமாம். சுகாதாரத் துறைப் பெண்மணி மறுபடி வந்து, ஒரு வார்த்தை குத்திச் சொல்லாமல், சொம்பைப் பையில் போட்டு எண் எழுதி எடுத்துப் போனார். அவர் திட்டியிருந்தால் தேவலாம்.

5

அப்போதுதான் உறைத்தது. சொம்பு ஒன்றில்லை, இரண்டு. வித்யாவின் பெண் தியாவுக்கு நாலு வயது. அவளும் ரசம் சாதம்தான்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். ஊருக்குப் போகும்போதெல்லாம் நான் வித்யா வீட்டில் சும்மா இருந்ததில்லை. கேன் தண்ணீரில் சோதனைத் தாளை நனைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்குவேன். பம்மல் தோல் தொழிற்சாலைப் பக்கமிருந்து காற்று வந்தால் ஜன்னலைச் சாத்தச் சொல்வேன். கீரை வாங்கினால் எந்தச் சாக்கடையில் விளைந்ததோ என்பேன். மறைமலை நகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டுக் களைத்து வருகிற முரளியை நிற்கவைத்து, உலோகத் தூசி இருக்கும் என்று சட்டையைத் தனியாகத் துவைக்கச் சொல்லிப் பாடம் எடுத்திருக்கிறேன். எதற்கும் ஆதாரம் கிடையாது. வெளிநாட்டுக்காரன் என்கிற திமிர்தான்.

"நீ வந்தாலே எனக்கு பயமா இருக்குண்ணா. வருஷத்துக்கு ஒருக்கா வந்து எங்க வீட்டை லேப் ஆக்கிட்டுப் போற" என்று வித்யா ஒருமுறை சொன்னாள். அன்றைக்கு அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

போனில் அவளைப் பிடித்தேன்.

"வித்யா, அம்மா குடுத்த ஈயச் சொம்புல இனிமே ரசம் வைக்காத."

"ஏன், இந்தத் தடவை என்ன? புளி சரியில்லையா, பருப்பு சரியில்லையா?"

"விளையாடாத. சொம்புல காரீயம் கலந்திருக்கு. நானே மெஷின்ல வெச்சுப் பார்த்தேன். மகிழ் ரத்தத்துல ஏறியிருக்கு. தியாவுக்கும் ஒரு பிளட் டெஸ்ட் எடுத்துடு, ப்ளீஸ்."

"மகிழுக்கு என்ன ஆச்சு? அங்க தண்ணில ஏதாவது இருக்கும், பாரு."

"தண்ணியெல்லாம் பார்த்தாச்சு. சொம்புதான்."

அவ்வளவுதான், பொங்கிவிட்டாள்.

"நீ போனதுலேருந்து இங்க எல்லாமே உனக்கு விஷம்தான். தண்ணி விஷம், காத்து விஷம், கீரை விஷம். அம்மா ஒண்ணுதான் பாக்கி இருந்தாங்க. இப்ப அதையும் சொல்லிட்ட. அம்மா எங்களுக்கு விஷத்தையா வாங்கிக் குடுத்தாங்க?"

புலி வருது கதைதான். இத்தனை வருஷம் வராத புலிக்குக் கத்தினேன். வந்தபோது என் குரலுக்கு மரியாதை இல்லை.

வாயால் சொன்னால் நம்பமாட்டாள், தாளில் இருந்தால் நம்புவாள் என்று ரிப்போர்ட்டை அனுப்பினேன். புத்தி கெட்டவன், முதல் வரியைத் திருத்தாமலே அனுப்பிவிட்டேன். ஒரு மணி நேரத்தில் அவளே கூப்பிட்டாள்.

"சாம்பிள் பேரு அம்மா-1ன்னு போட்டிருக்கு."

"அது சும்மா, அவசரத்துல..."

"அம்மாவை வெட்டி மெஷின்ல வெச்சியாண்ணா? கொள்ளி வைக்க வர முடியலை. வெட்டி வைக்க மட்டும் நேரம் கிடைச்சுதா?"

வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு பேசவில்லை.

முரளிக்குத் தனியாக மெசேஜ் போட்டுக் கெஞ்சினேன். ஒன்று, இரண்டு, இருபது. 'பாக்கறேன் மச்சான்' என்று ஒரே ஒரு பதில் வந்தது. நாள் போய்க்கொண்டே இருந்தது. இங்கே மகிழினிக்கு ஒவ்வொரு முறை ஊசி குத்தும்போதும், அங்கே தியா தட்டில் ரசம் விழுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

6

நேற்று முன்தினம் வித்யா கூப்பிட்டாள். எங்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம், அவளுக்கு ஞாயிறு காலை. குரல் கம்மியிருந்தது.

திதி முடிந்த மறுநாள் முரளி தியாவைத் தாம்பரத்தில் ரத்தம் எடுக்கக் கூட்டிப் போயிருக்கிறார். அதிகம் என்று வந்திருக்கிறது. எவ்வளவு என்று கேட்டேன்.

"எவ்வளவா இருந்தா என்ன? நீ சொன்னதுதான் கரெக்ட். போதுமா? இப்ப சந்தோஷமா உனக்கு?" என்று அழுதாள். நானும் அழுதேன். டாக்டர் என்ன சொன்னார், சத்து மாத்திரை கொடுத்தாரா, எப்போது திரும்ப எடுக்க வேண்டும் என்று எல்லாம் கேட்டேன். பழைய வித்யா மாதிரி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.

"சொம்பு?" என்றேன்.

"இனிமே எங்க வீட்ல அது இல்லைண்ணா. நீ கவலைப்படாத."

எனக்கு உயிர் வந்தது. என் மருமகள் தப்பித்தாள். முதலில் வந்தது அந்தச் சந்தோஷம்தான். அதை மறைத்துச் சொன்னால் பொய்யாகிவிடும்.

"குப்பையில போட மனசே வரலைண்ணா. அம்மா வாங்கினது இல்ல? நேத்து பாத்திரக்கடைக்கு எடுத்துட்டுப் போய் மாத்திட்டு, மேல கொஞ்சம் போட்டு எவர்சில்வர் குக்கர் வாங்கிட்டேன். அடியில அம்மா என் பேரை வெட்டிக் குடுத்திருந்தாங்க, பரவாயில்லையான்னு கேட்டேன். தேய்ச்சா போயிடும்மான்னாரு கடைக்காரர். அங்கேயே மெஷின்ல வெச்சுத் தேய்ச்சு, பளபளன்னு மேல அடுக்கிட்டாரு. நாங்க பில் போட்டுட்டு இருக்கும்போதே ஒரு அம்மா வந்து அதைத்தான் கேட்டாங்க. பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்காளாம், பத்திய ரசம் வைக்கணுமாம். நம்ம அம்மா மாதிரியே தட்டித் தட்டிப் பார்த்து வாங்கினாங்கண்ணா. எனக்கு அழுகையே வந்துடுச்சு. அம்மா வாங்கினது வீணாப் போகலை பாரு."

அவளுக்கு நான் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். இரண்டு மாதம் கழித்து அண்ணா என்று கூப்பிட்டவளிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. எதையெதையோ சொல்லி அவளை நோகடித்த நான், சொல்ல வேண்டிய அன்றைக்குச் "சரிம்மா" என்றேன். எந்தக் கடை என்று மட்டும் பேச்சோடு பேச்சாகக் கேட்டுக்கொண்டேன்.

கடைக்கு போன் செய்தேன். "நம்மகிட்ட எல்லாம் சுத்தமான ஈயம் சார், இதுவரைக்கும் ஒரு கம்ப்ளெயின்ட் வந்ததில்ல" என்றார் கடைக்காரர். வாங்கிப்போன அம்மாளின் பெயரோ நம்பரோ இல்லையாம். "எந்த ஊர்லேருந்து சார் பேசறீங்க?" என்றார். சொன்னதும் சிரித்துவிட்டு வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டால் எடுக்கவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். திதியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், அது கிடக்கட்டும். குரோம்பேட்டையிலோ பம்மலிலோ பல்லாவரத்திலோ தாம்பரத்திலோ, போன சனிக்கிழமை பாத்திரக்கடையில் ஒரு ஈயச் சொம்பு வாங்கிய அம்மா யாராவது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். சொம்பைக் கவிழ்த்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். எவ்வளவு தேய்த்தாலும் வெட்டிய பெயர் கொஞ்சம் தெரியும். வித்யா என்று இருந்தால், அதில் ரசம் வைக்க வேண்டாம். திரும்பக் கடையிலும் கொடுக்க வேண்டாம்.